இல்லை என்னும் விடை: பல அட்டவணைகளில் இயங்கு வினவல்

முன்னுரை

ஒரு சொல் ஒரு நூலில் உண்டு என்று நாட்டுதற்கு ஓரிடம் காட்டினால் போதும். இல்லை என்று நாட்டுதற்கோ அந்நூல் முழுவதையும் பார்த்தாதல் வேண்டும். ஆராய்ச்சியில் உண்மைச் சான்றினும் இன்மைச் சான்று அரியது. அரியதாதலின் தவறுதற்கும் எளியது. பழந்தமிழ் நூல்களின் முற்பாடு பிற்பாடுகளை வரையறுக்கப் புகுந்தோர் பலரும் இவ்வின்மைச் சான்றைக் கையாண்டுள்ளனர். ‘இச்சொல் முன்னை நூல்களில் இல்லை, பின்னை நூல்களிலேயே உண்டு’ என்னும் வாதத்தின் முற்பகுதி முழுவதும் தேடலின் நிறைவைப் பொறுத்தே நிற்பதாகும்.

முற்காலத்தே இத்தேடலை நினைவாற்றலும் கையெழுத்துக் குறிப்பும் செய்தன. பின்னர் அச்சிட்ட சொல்லடைவுகள் செய்தன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 தொடங்கி 1970 முடிய வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும், தாமசு லேமன், தாமசு மால்டன் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவும் அறிஞர் நன்கறிந்தவை. இன்று அப்பணியைக் கணினியின் தரவுத்தளம் செய்கின்றது. அங்ஙனம் செய்யுங்கால் ஒரே வினாவைப் பல அட்டவணைகளின்மேல் எழுப்பும் முறை யாது, அம்முறை எவ்விடத்துப் பிழைக்கும், பிழையாமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு பிழையின் வரலாறு

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது என் பிழையே ஆகலின் அதனை முதற்கண் கூறுதல் முறையாம். ஆதம்பாக்கத்தில் என் இல்லத்தில் மாணவர் மூவருடன் கூடி எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்களைச் சொற்பிரித்துக் கணினியில் ஏற்றினோம். நூல் ஒன்றுக்கு அட்டவணை ஒன்றாகப் பதினெட்டு அட்டவணைகள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் வரிசை ஒன்றுக்குச் சொல் ஒன்று. அச்சொல்லின் அருகே அது பயின்ற பாடலெண்ணும் அடியெண்ணும்.

தன்மை ஒருமைப் பெயராகிய ‘நான்’ என்னும் வடிவம் சங்க நூல்களில் யாண்டு உளது என்று ஒருநாள் வினவினேன். இல்லை என்று விடை வந்தது. ‘யான்’ என்பதே பண்டை வடிவம், ‘நான்’ என்பது பிற்பட்டது என்னும் கொள்கைக்கு இவ்விடை இயைந்திருந்தமையின் ஐயுறாது வகுப்புக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அதனைப் படியெடுத்த மாணவி ஒருத்தி, “ஐயா, பரிபாடலில் ‘நான்’ உண்டென்று முன்னொருகால் நீங்களே சொன்னீர்களே” என்றாள். அவள் கூறியது மெய். அவ்வடிவம் பரிபாடலில் தோன்றுதலை ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்துக் காட்டியுள்ளனர். பரிபாடல் ஏனைத் தொகைகள் சிலவற்றினும் பிற்பட்டது என்பார்க்கு அது மொழிச்சான்றுகளுள் ஒன்றுமாம்.

ஆயின் கணினி பொய் கூறிற்றோ? இல்லை. யான் எழுதிய வினாவில் பதினேழு அட்டவணைகளின் பெயர்களே இருந்தன. பரிபாடலின் அட்டவணை பிறிதொருவர் கையால் பின்னர் வந்து சேர்ந்தது. அதன் பெயரை வினாவில் சேர்க்க மறந்தேன். கேட்கப்படாத நூல் விடை கூறாது; கூறாமையை யான் இன்மையெனக் கொண்டேன். காலவாராய்ச்சிக்குச் சான்றாகிய ஒரு சொல், எந்நூலில் உளதோ அந்நூல் ஒன்றே தேடலினின்றும் நழுவிற்று.

அட்டவணையும் வினவலும்

தரவுகளை வரிசையும் நிரலும் உடைய அட்டவணைகளாக வகுத்து, அவற்றின் உறவுகளைக் கணிதமுறையால் ஆளலாம் என்னும் கொள்கையை எட்கர் காட் என்பார் 1970இல் வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்சு என்னும் இருவரும் அவ்வட்டவணைகளை வினவுதற்குரிய மொழியொன்றை 1974இல் அறிமுகப்படுத்தினர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் சுருங்கிற்று. 1986இல் அமெரிக்கத் தரநிலையாகவும் 1987இல் உலகத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.

இம்மொழியின் வினவல் வாக்கியம் மிக எளியது. ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தாற் காட்டின் பின்வருமாறு அமையும்:

செலக்ட் பாடலெண், அடியெண் ஃப்ரம் குறுந்தொகை வேர் சொல் = 'யான்'

குறுந்தொகை என்னும் அட்டவணையில் சொல் என்னும் நிரல் ‘யான்’ என்றிருக்கும் வரிசைகளின் பாடலெண்ணையும் அடியெண்ணையும் தருக என்பது இதன் பொருள். இவ்வாக்கியத்தில் இருவகைச் சொற்கள் உள்ளன. ‘யான்’ என்பது தேடப்படும் மதிப்பு. குறுந்தொகை, சொல், பாடலெண், அடியெண் என்பன இடப்பெயர்கள். இவ்விரண்டன் வேறுபாட்டை உணர்தல் இப்பொருளுக்கு அடிப்படையாகும்.

மதிப்பைப் பின்னர்த் தருவதாக வைத்து அவ்விடத்தை வெற்றிடமாக விட்டு வாக்கியத்தை முன்னரே ஆயத்தம் செய்தல் கூடும். ஆயத்தம் செய்தவாறே ‘யான்’, ‘நான்’, ‘யாம்’ என ஒன்றன்பின் ஒன்றாக மதிப்புக்களை இட்டு வினவலாம். ஆனால் அட்டவணையின் பெயரை அங்ஙனம் வெற்றிடமாக விடுதல் இயலாது. ஏன் எனின், ஆயத்தம் செய்யுங்காலே அவ்வட்டவணை உளதா, அதில் இந்நிரல்கள் உளவா, வினவுவோர்க்கு அதனைப் பார்க்கும் உரிமை உண்டா, எவ்வழியாகத் தேடின் விரைவு என்பனவற்றைத் தரவுத்தளம் தெளிய வேண்டியிருக்கின்றது. எவ்வூர் என்று கூறாமல் வழிகேட்டார்க்கு வழிகூறல் இயலாமை போல்வது இது.

இயங்கு வினவல்

அங்ஙனமாயின் பதினெட்டு அட்டவணைகளுக்கும் பதினெட்டு வாக்கியங்களைக் கையால் எழுதுதல் வேண்டும். அல்லது வாக்கியத்தையே கணினி இயற்றுமாறு செய்தல் வேண்டும். பின்னதே இயங்கு வினவல் எனப்படுவது. அஃதாவது, வினவல் வாக்கியம் முன்னரே எழுதி வைக்கப்படாது, நிரல் ஓடுங்காலத்தே எழுத்துத் தொடராக இயற்றப்பட்டு, உடனே தரவுத்தளத்தால் படித்து நிறைவேற்றப்படுவதாம். 1992ஆம் ஆண்டுத் தரநிலை இம்முறைக்கு இடந்தந்தது. அட்டவணைகளைப் பற்றிய செய்திகளையே அட்டவணைகளாகக் காட்டும் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்னும் உள்ளடைவையும் அதுவே வகுத்தது. உள்ளடைவின் வடிவம் மென்பொருட்குத் தக்கவாறு வேறுபடினும் அதன் பயன் ஒன்றே.

செயல் நான்கு படிகளில் நிகழும். முதற்கண், ‘சொல்’ என்னும் நிரலை உடைய அட்டவணைகள் யாவை என்று உள்ளடைவை வினவிப் பெயர்களைப் பெறுதல். இரண்டாவது, பெற்ற பெயர் ஒவ்வொன்றையும் மேற்காட்டிய வாக்கியத்தில் அட்டவணைப் பெயரின் இடத்தே பொருத்தி வாக்கியங்களை இயற்றுதல். மூன்றாவது, அவற்றை ‘யூனியன் ஆல்’ என்னும் இணைப்புச் சொல்லால் ஒரே வாக்கியமாகக் கோத்தல். நான்காவது, தேடப்படும் மதிப்பைத் தந்து நிறைவேற்றுதல்.

மூன்றாம் படியில் கருதற்பாலன சில உள. இணைக்கப்படும் வாக்கியங்கள் எல்லாம் ஒரே எண்ணிக்கையிலும் ஒத்த வகையிலும் நிரல்களைத் தருதல் வேண்டும். சங்க நூல்களோ அமைப்பால் ஒத்தன அல்ல. அகநானூற்றுப் பாடல்களுக்குத் திணையுண்டு. புறநானூற்றுக்குத் திணையுடன் துறையும் உண்டு. பதிற்றுப்பத்துக்குத் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கும் உண்டு. பரிபாடலுக்குப் புலவரன்றி இசைவகுத்தோர் பெயரும் பண்ணும் உண்டு. பத்துப்பாட்டில் ஒவ்வொரு நூலும் ஒரே நெடும்பாட்டாகலின் பாடலெண் என்பதே வேண்டா. எனவே இல்லாத நிரலின் இடத்தை வெறுமையாக நிரப்பி ஒப்புமை செய்தல் வேண்டும். இங்ஙனம் அட்டவணைக்கேற்ப வாக்கியம் மாறுதற்கு இயங்கு வினவல் பெரிதும் உதவும்.

‘ஆல்’ என்னும் சொல்லை விடுத்து ‘யூனியன்’ என்று மட்டும் எழுதுதலும் உண்டு. அப்போது ஒத்த வரிசைகள் ஒன்றாகக் கழிக்கப்படும். நற்றிணையின் 20ஆம் பாட்டு 3ஆம் அடியும், அகநானூற்றின் 20ஆம் பாட்டு 3ஆம் அடியும் விடையாயின், எண்கள் ஒத்தமையின் இரண்டும் ஒன்றாகிவிடும். பயில்வு எண்ணுவார்க்கு இது பெருங்கேடு. ஆகலின் ‘யூனியன் ஆல்’ என்றே எழுதுக. வரிசைதோறும் நூற்பெயரையும் ஒரு நிரலாகச் சேர்த்துக்கொள்க.

காப்பு

எழுத்துத் தொடரைக் கோத்து வாக்கியம் ஆக்குதலில் தீங்கொன்று உண்டு. தேடுவோர் தட்டச்சிடும் சொல்லையும் அவ்வாறே வாக்கியத்துள் ஒட்டிவிடின், அவர் சொல்லுக்குப் பதிலாக மேற்கோட்குறி ஒன்றை இட்டு வாக்கியத்தை இடையே முடித்து, அதன்பின் அட்டவணையை அழிக்கும் ஏவலை எழுதிவிடுதல் கூடும். தரவுத்தளம் அவ்வேவலையும் வினவலின் பகுதியாகவே கொள்ள நேரும். இவ்வூறு பற்றிக் கணினித் துறையினர் 1998 முதலே வெளிப்பட எழுதி வருகின்றனர்.

காப்பும் மேற்கூறிய பாகுபாட்டினின்றே பிறக்கின்றது. மதிப்பு எதுவாயினும் அதனை வாக்கியத்துள் ஒட்டாது வெற்றிடத்தின் வழியே தருக; அங்ஙனம் தரப்பட்டது எஞ்ஞான்றும் மதிப்பாகவே கொள்ளப்படும், ஏவலாகாது. இடப்பெயரை வெற்றிடத்தின் வழியே தரல் இயலாமையின், உள்ளடைவில் உளதென்று கண்ட பெயரையன்றிப் பிறிதொன்றையும் ஏற்காதொழிக. ஏற்ற பெயரையும் இடப்பெயர்க்குரிய குறிகளுக்குள் அடைத்தே எழுதுக. தரநிலையில் அக்குறி இரட்டை மேற்கோள். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் ‘ஃபார்மேட்’ என்னும் செயற்கூறும், மைக்ரோசாப்ட்டின் எஸ்.கியூ.எல். செர்வரில் ‘கோட்நேம்’ என்னும் செயற்கூறும் இதனைச் செய்து தருவன. இவற்றொடு, தேடுதற்கென அமைத்த கணக்குக்குப் படிக்கும் உரிமையன்றி அழிக்கும் உரிமை கொடாதிருத்தலும் நன்று.

மூவகை நழுவல்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவாம். என் முதற்பிழையை உணர்ந்தபின், நினைவை நம்பாது உள்ளடைவை நம்புவேன் என்று துணிந்து வினவலை மேற்கூறியவாறு புதுக்கினேன். ‘சொல்’ என்னும் நிரலை உடைய அட்டவணைகள் எத்துணை என்று கேட்டபோது மீண்டும் பதினேழு என்றே வந்தது. பரிபாடலின் அட்டவணையை ஆக்கியவர் அந்நிரலுக்குச் ‘சொல்’ என்னாது ‘பதம்’ என்று பெயரிட்டிருந்தார். மறதியால் நழுவிய நூல் இம்முறை பெயர் வேறுபாட்டால் நழுவிற்று.

மூன்றாவதொரு வழியும் உண்டு. ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’, வினவுவோர்க்கு உரிமையுள்ள அட்டவணைகளையே காட்டும். உரிமை வழங்கப்படாத அட்டவணை, வினவுவோர் அளவில் உலகிலேயே இல்லாதது போல்வதாம். எச்சரிக்கை எதுவும் வாராது.

இம்மூன்றனுள் எது நிகழினும் விடையின் தோற்றம் ஒன்றே. ‘யூனியன் ஆல்’ என்னும் இணைப்பு, கிடைத்த வரிசைகளை மட்டுமே அடுக்கித் தருகின்றது. தேடியும் சொல் கிட்டாத நூல் விடையில் தோன்றாது. தேடப்படாத நூலும் விடையில் தோன்றாது. ‘கேட்டேன், இல்லை’ என்பதற்கும் ‘கேட்கவில்லை’ என்பதற்கும் அவ்விடையில் வேற்றுமை புலனாகாது. இன்மைச் சான்று பொய்ப்பது இவ்விடத்தேயாம்.

இதற்குத் தீர்வு அரியதன்று. வரிசைகளைத் தருக என்று மட்டும் கேளாது, நூல்தோறும் எண்ணித் தருக என்றும் கேட்டல் வேண்டும்:

செலக்ட் 'குறுந்தொகை', கவுன்ட்(*) ஃப்ரம் குறுந்தொகை வேர் சொல் = ?

ஈண்டு வினாக்குறி மதிப்புக்குரிய வெற்றிடம். எண்ணும் வினவல், கிட்டியது ஒன்றும் இல்லையாயினும் சுழியம் என்னும் ஒரு வரிசையைத் தந்தே தீரும். எனவே பதினெட்டு நூல்களையும் கேட்டிருப்பின் விடையில் பதினெட்டு வரிசைகள் இருந்தாதல் வேண்டும். பதினேழு இருப்பின் ஒரு நூல் கேட்கப்படவில்லை என்பது தேற்றம். சுழியம் ஆண்டு வெறுமையன்று. ‘தேடினேன், கண்டிலேன்’ என்று இட்ட கையொப்பமாம்.

ஆயின் பதினெட்டு என்னும் எண்ணை நமக்குத் தந்தது யாது? கணினியன்று, இலக்கியக் கல்வி. எட்டும் பத்தும் பதினெட்டு என்னும் அறிவு உள்ளடைவுக்கு இல்லை. ஆகலின் நூற்பெயர், அட்டவணைப் பெயர், சொல்நிரலின் பெயர் என்னும் மூன்றும் குறித்த பதிவேடு ஒன்றனைத் தனி அட்டவணையாக அமைத்து, அதனையும் உள்ளடைவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபின்னரே வினவலை இயற்றுதல் வேண்டும். பதிவேட்டில் இருந்து உள்ளடைவில் இல்லாதது உளதாயின் உரிமையோ அட்டவணையோ குறைவு. உள்ளடைவில் இருந்து பதிவேட்டில் இல்லாதது உளதாயின் நம் மறதி. இரண்டும் ஒத்தபின் வரும் ‘இல்லை’ என்னும் விடையே ஆராய்ச்சிக்குக் கொள்ளத்தக்கது.

எழுத்தால் வரும் நழுவல்

அட்டவணைகள் யாவும் கேட்கப்பட்டபின்னும் சொல் தப்புதல் உண்டு. ஒருங்குகுறியில் ‘தோழி’ என்னும் சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் காற்குறியும் ஆகிய இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீடுகளை அவ்வவ்வாறே ஒப்பிடும் கணினிக்கு இரண்டும் வேறு. பல கைகளால் ஏற்றப்பட்ட அட்டவணைகளில் இவ்விருவகையும் விரவியிருத்தல் கூடும். ஆகவே ஏற்றுங்காலத்தே எல்லாவற்றையும் ஒருவடிவாக்குதல் வேண்டும். போஸ்ட்கிரஸில் 13ஆம் பதிப்பு முதல் இதற்கென ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு உளது.

இதற்கு மறுதலையாக, வேண்டாதன வந்து குவிதலும் உண்டு. சொற்பிரிக்காத பாடத்தில் ‘நான்’ என்னும் எழுத்துத் தொடரைத் தேடின், நான்கு, நான்மறை முதலியவற்றின் முதற்பகுதியும் ‘நான்’ என்றே நிற்றலின் அவையெல்லாம் விடையாக வரும். எழுத்துத் தொடர் வேறு, சொல் வேறு என்பதைக் கணினி அறியாது. எனவே சந்தி பிரித்த பாடமே இத்தேடலுக்கு ஏற்றது. பிரிப்பதோ இலக்கணம் கற்றார் பணி.

ஒரே அட்டவணை போதாதோ?

‘இத்துணை இடர்ப்பாடு எற்றுக்கு? பதினெட்டையும் ஒரே அட்டவணையாக்கி நூற்பெயரை ஒரு நிரலாக வைத்தாலென்னை?’ என்று வினவுவார் உளர். நன்று; நிரல்கள் ஒத்து, ஆக்குவோரும் ஒருவராயின் அதுவே சிறந்த நெறி. அவ்விடத்து இயங்கு வினவல் மிகையேயாகும். இத்தகைய செயலை அச்சு நூலிலேயே செய்து காட்டியவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வாயிலாக வெளிவந்த அவரது சங்க இலக்கியப் பதிப்பு, நூல்வாரியாகப் பிரிந்து கிடந்த பாட்டும் தொகையுமாகிய பாடல்களைப் புலவர்வாரியாக ஒருங்கு திரட்டித் தந்தது. கபிலர் பாடல்களைக் காண விழைவார் நூல்பலவற்றைப் புரட்ட வேண்டாது ஓரிடத்தே காணலாயிற்று.

ஆயினும் அட்டவணைகள் பலர்க்கு உரியனவாய் இருப்பின் ஒன்றாக்குதல் எளிதன்று. ஆதம்பாக்கத்தில் வாழும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பழம்பதிப்பு ஒன்றை நாடிப் பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சா. நூல்நிலையத்துக்கும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் செல்லுதல் இயல்பு. நூலகம் ஒவ்வொன்றும் தன் இருப்புக்கும் முறைக்கும் ஏற்பத் தன் பட்டியலை உடையது. ஒன்றில் பதிப்பாசிரியர் என நிற்பது மற்றொன்றில் உரையாசிரியரோடு சேர்ந்து நிற்கலாம். இத்தகைய பட்டியல்களின் படிகளைப் பெற்று ஒருங்கு தேடுவார்க்கு, அவரவர் நிரலை அவ்வாறே வைத்துக்கொண்டு வாக்கியத்தை மாற்றியமைக்கும் இயங்கு வினவலே துணையாம். ‘இப்பதிப்பு யாண்டும் இல்லை’ என்று எழுதுமுன் எவ்வெப்பட்டியலைக் கேட்டோம் என்று எண்ணிப் பார்த்தலும் ஆண்டைக்கும் பொருந்தும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. அட்டவணைகள் ஒத்திருப்பின் ஒன்றாக்குக. ஒவ்வாதிருப்பின் இயங்கு வினவலை மேற்கொள்க. மதிப்பை வெற்றிடத்தின் வழியும், இடப்பெயரை உள்ளடைவில் ஒப்புநோக்கியும் தருக. இயற்றிய வாக்கியத்தை நிறைவேற்றுமுன் ஒருமுறை அச்சிட்டுப் படிக்க. விடையோடு எண்ணிக்கைப் பட்டியலையும் பெற்று, சுழியங்களையும் சேர்த்து எண்ணுக.

என் வகுப்புக் குறிப்பைத் திருத்தியபின் ‘நான்’ என்னும் வினாவை மீண்டும் எழுப்பினேன். பதினெட்டு வரிசைகள் வந்தன. பரிபாடலின் நேரே சுழியம் இல்லை. ஆய்வேடுகளில் ‘இச்சொல் சங்க இலக்கியத்தில் இல்லை’ என்று எழுதும் மாணவர், அவ்வாக்கியத்தின்கீழ் எத்துணை நூல்கள் கேட்கப்பட்டன என்னும் எண்ணையும் குறிப்பாராயின், படிப்பார்க்கு அதனைச் சோதித்தற்கு வழியுண்டாம். சோதித்தற்கு இடந்தராத இன்மை, சான்றாதல் இல்லை.